கீமோ முடிந்து வருடங்கள் கழித்து வரும் இரண்டாவது ரத்தப் புற்றுநோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு 27 வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற, நிணநீர் முடிச்சுகளில் தொடங்கும் ரத்தப் புற்றுநோய் வந்தது. கீமோ எடுத்துச் சரியானது. ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தது. இன்னும் வலுவான மருந்துகள் கொடுத்து, ரத்த அணுக்களை உருவாக்கும் தாய் செல்லான ஸ்டெம் செல்லை அவனிடமிருந்தே எடுத்து வைத்து, அவனுக்கே திரும்ப ஏற்றினார்கள். அதன் பிறகு ஐந்து வருடம் எந்தக் குறையும் இல்லை. ஆறாவது வருடம் லுக்கேமியா, அதாவது மஜ்ஜையில் தொடங்கும் வேறொரு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அந்த முறை ஸ்டெம் செல் கொடுத்தது நான்.

இப்போது மாதத்தில் இரண்டு மூன்று நாள் டே கேர் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து, புதிதாக வரும் குடும்பங்களோடு பேசுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தம்பிக்கு வைத்தியம் பார்த்த ரத்தவியல் மருத்துவரிடம் படித்துக் காட்டித் திருத்தி வைத்திருக்கிறேன். உங்கள் நோயாளிக்கு என்ன செய்வது என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

“ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தெல்லாம் எடுத்து முடிச்சாச்சு. இப்ப மறுபடியும் ரத்தப் புற்றுநோய்ங்கறாங்க. பழசுதானே திரும்பி வந்திருக்கு?”

பழையது திரும்பி வருவதும் உண்டு. ஆனால் இங்கே பேசுவது வேறு நோயைப் பற்றி. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் இரண்டு கிளைகளாகப் பிரிந்து உருவாகின்றன. லிம்போமா, எதிர்ப்புப் பொருள் சுரக்கும் அணுக்களில் வரும் மைலோமா, குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏஎல்எல் என்ற லுக்கேமியா எல்லாம் ஒரு கிளையின் நோய்கள். சிவப்பணு, பிளேட்லெட், பெரும்பாலான வெள்ளணுக்கள் உருவாவது இன்னொரு கிளையில். கீமோவுக்குப் பிறகு புதிதாக முளைக்கும் நோய் பெரும்பாலும் இந்த இரண்டாவது கிளையில்தான் வரும். அதற்கு எம்டிஎஸ் (மஜ்ஜை சரியான அணுக்களை உருவாக்கத் தவறும் நோய்) என்றோ ஏஎம்எல் (வேகமாகப் பெருகும் லுக்கேமியா) என்றோ பெயர் எழுதுவார்கள். கூடவே ‘தெரபி ரிலேட்டட்’, அதாவது முன்பு எடுத்த வைத்தியத்தால் வந்தது, என்றும் இருக்கும்.

வித்தியாசம் பெயரில் மட்டும் இல்லை. பழைய லிம்போமா திரும்பினால் அதற்கான மருந்து வேறு, இதற்கு வேறு. அதனால்தான் மறுபடி பயாப்சி எடுத்து உறுதி செய்கிறார்கள். “இதுதான் ஏற்கெனவே பார்த்ததாச்சே, எதுக்கு மறுபடி குத்தறாங்க” என்று கோபப்பட வேண்டாம்.

“நோயைக் குணமாக்கற மருந்தே எப்படிங்க நோயைக் கொடுக்கும்?”

கீமோ மருந்துகளில் பல, புற்றணுவின் டிஎன்ஏவை உடைத்து அதைக் கொல்கின்றன. மருந்து உடம்பு முழுக்கப் போகிறது. மஜ்ஜையில் இருக்கும் நல்ல ஸ்டெம் செல்லின் டிஎன்ஏவும் அடிபடும். அடிபட்ட செல் பெரும்பாலும் செத்துவிடும், அல்லது தன்னைச் சரிசெய்துகொள்ளும். எப்போதாவது ஒன்று, தப்பும் தவறுமாக ஒட்டிக்கொண்ட டிஎன்ஏவோடு பிழைத்து, பல வருடம் மெதுவாகப் பெருகுகிறது.

இந்த மருந்துகளின் பூர்வீகமே அதுதான். முதல் உலகப் போரில் வீசிய மஸ்டர்ட் வாயுவை சுவாசித்தவர்களுக்கு வெள்ளணுக்கள் சரிந்துபோனதைக் கவனித்தார்கள். அதன் உறவுக்காரப் பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு லிம்போமா நோயாளிக்கு ஏற்றினார்கள். கட்டி கரைந்தது. இன்று நாம் எடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு, மெல்ஃபலான் எல்லாம் அந்தக் குடும்பத்தில் வந்தவை.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. 2015-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். இந்த நோய் வந்தவர்களில் சிலருக்கு, டிபி53 என்ற மரபணு கெட்டுப்போன ஒரு சில செல்கள் கீமோ தொடங்கும் முன்பே உடம்பில் இருந்திருக்கின்றன. கீமோ மற்ற செல்களை அழித்தபோது, சாகாமல் தாக்குப்பிடித்த இந்தச் செல்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. எல்லாப் பழியும் மருந்தின் மேல் மட்டும் இல்லை.

“எந்த மருந்துக்கு இந்த ஆபத்து? எங்க சீட்டுல அஞ்சாறு மருந்துப் பேர் இருக்கே.”

இரண்டு குடும்பங்களைத்தான் முக்கியமாகச் சொல்கிறார்கள். ஒன்று, மேலே சொன்ன மஸ்டர்ட் வழி வந்த சைக்ளோபாஸ்பமைடு, மெல்ஃபலான், குளோராம்பியூசில், அவற்றைப் போலவே டிஎன்ஏவைத் தாக்கும் புசல்ஃபான், புரோகார்பசீன் (எல்லாவற்றையும் சேர்த்து மஸ்டர்ட் குடும்பம் என்கிறேன்). இன்னொன்று எட்டோபோசைடு, மைட்டோசான்ட்ரோன், டாக்சோரூபிசின் வகை. கதிர்வீச்சும் சேர்ந்தால் ஆபத்து கூடும். வின்கிறிஸ்டின், ஸ்டீராய்டு, ரிட்டக்சிமாப் போன்றவற்றை இந்தப் பட்டியலில் வைப்பதில்லை.

மருந்தின் பெயரைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை முறை, என்ன இடைவெளியில் என்பதெல்லாம் கணக்கு. ஏஎல்எல் வந்த குழந்தைகளைப் பற்றி 1991-ல் ஓர் ஆய்வு வந்தது. எட்டோபோசைடு வகை மருந்தை வாரம் ஒரு முறையோ இரண்டு முறையோ தொடர்ந்து பெற்ற பிள்ளைகளுக்கு இரண்டாவது லுக்கேமியா அதிகம் வந்தது. வேறு முறையில் பெற்றவர்களுக்கு மிகக் குறைவு. அதற்குப் பிறகு மருந்து கொடுக்கும் முறைகளையே திருத்தினார்கள்.

“கீமோ போட்ட பத்தாம் நாளே வெள்ளணு குறைஞ்சிடுச்சு. இதுதானா அது?”

இல்லை. அது கீமோவின் வழக்கமான விளைவு, பெரும்பாலும் அடுத்த சுற்றுக்குள் ஏறிவிடும். நாம் பேசுவது, எல்லாம் முடிந்து அணுக்கள் நன்றாக ஏறி, பல மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடி இறங்குவதைப் பற்றி.

“எத்தனை வருஷம் கழிச்சு வரும்? அஞ்சு வருஷம் தாண்டிட்டா தப்பிச்சோம்னு சொல்லலாமா?”

மஸ்டர்ட் குடும்ப மருந்துகளால் வருவது பொதுவாக 5 முதல் 10 வருடத்துக்குள் வருகிறது. அதுவும் சத்தமில்லாமல், முதலில் எம்டிஎஸ்ஸாகத் தொடங்கும். எட்டோபோசைடு வகையால் வருவது சீக்கிரம், 1 முதல் 3 வருடத்துக்குள். அதற்கு முன்னோட்டம் எதுவும் இருக்காது, நேராக லுக்கேமியாவாகவே வரும்.

ஐந்து வருடம் என்பது பழைய லிம்போமா திரும்பாது என்று நிம்மதிப்படுவதற்கான கணக்கு. இதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நாங்கள் ஐந்தாம் வருடம் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டு, ரத்தப் பரிசோதனையையும் அத்தோடு நிறுத்திவிட்டோம். நீங்கள் நிறுத்தாதீர்கள். பத்து வருடத்துக்குப் பிறகு ஆபத்து நன்றாகக் குறைந்துவிடுகிறது.

“அப்ப கீமோவே வேண்டாம்னு சொல்லிடலாமா? எங்க பெரியப்பா, மூலிகை மருந்துலயே பார்த்துக்கலாம்கறார்.”

வேண்டாம். இந்தப் பக்கத்தை நான் எழுதத் தயங்கியதே இந்தக் கேள்வியை நினைத்துத்தான். இதைப் படித்துவிட்டு ஒருவர் கீமோவை விட்டுவிட்டால் அந்தப் பாவம் எனக்குத்தான். ஹாட்ஜ்கின் லிம்போமா வந்தவர்களில் இன்று 100-க்கு 80 பேருக்கு மேல் மருந்தால் குணமாகிறார்கள். மருந்து எடுக்காவிட்டால் அந்த நோய் ஆளைக் கொன்றுவிடும். ஏபிவிடி என்ற வழக்கமான கீமோவை மட்டும் எடுத்தவர்களில் இரண்டாவது லுக்கேமியா வருவது 100-க்கு ஒருவருக்கும் குறைவு.

முன்பு நிலைமை வேறு. 1960-களில் அமெரிக்காவில் மாப் என்ற நான்கு மருந்துக் கூட்டைக் கண்டுபிடித்தார்கள். கைவிட்ட நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். ஆனால் அதில் நைட்ரஜன் மஸ்டர்டும் புரோகார்பசீனும் இருந்தன. பிழைத்தவர்களில் சிலருக்கு வருடங்கள் கழித்து லுக்கேமியா வருவதைப் பார்த்தார்கள். 1970-களில் இத்தாலியின் மிலான் நகரில் போனடோனா என்ற மருத்துவரின் குழு அந்த இரண்டு மருந்தும் இல்லாத ஏபிவிடியைக் கொண்டுவந்தது. குணமும் குறையவில்லை, லுக்கேமியாவும் வெகுவாகக் குறைந்தது. இன்று உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது, முன்னால் போனவர்கள் பட்டதைப் பார்த்துத் திருத்திய மருந்து.

ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் உருவான, இன்னும் வீரியமான எஸ்கலேட்டட் பீகாப் முறையில் 10 வருடத்தில் 100-க்கு ஏறத்தாழ 3 பேருக்கு வந்ததாகப் பதிவானது. என் தம்பியைப் போல, நோய் திரும்பி வந்து இரண்டாம் முறை மருந்தும் சொந்த ஸ்டெம் செல் மாற்றும் செய்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஆனால் அந்த இரண்டாம் சுற்று இல்லாமல் போயிருந்தால் அவனுக்கு அந்த ஐந்து வருடமே கிடைத்திருக்காது.

“வந்திருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வலி இருக்குமா?”

பெரும்பாலும் வலி இருக்காது. களைப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, பல் தேய்க்கும்போது ரத்தம், எங்கேயும் இடிக்காமலே காலில் நீலத் தடம், அடிக்கடி காய்ச்சல். இதெல்லாம் வருவதற்கு முன்பே சிபிசி என்ற சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியத் தொடங்கிவிடும்.

தம்பியின் பழைய ரிப்போர்ட்டுகளை ஓர் இரவு கூடத்தில் தரையில் வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 13.4, அப்புறம் 12.1, அப்புறம் 10.6. பிளேட்லெட் 2.1 லட்சம், 1.5 லட்சம், 92 ஆயிரம். நாங்கள் யாரும் பார்க்காத இன்னொரு வரி எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு. அது 88-லிருந்து 97, பிறகு 104. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தனித்தனியாகப் பார்த்தால் “கொஞ்சம் ரத்தம் கம்மி”, அவ்வளவுதான். ஊர் டாக்டர் இரும்புச்சத்து டானிக் எழுதிக்கொடுத்தார், நாங்களும் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று கொடுத்துக்கொண்டிருந்தோம். இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணு சிறுத்துப் போகும். அவனுக்கோ பெருத்துக்கொண்டே போனது.

எம்சிவி ஏறினாலே புற்றுநோய் என்று நினைக்காதீர்கள். பி12 சத்துக் குறைவு, மதுப்பழக்கம், சில மாத்திரைகளாலும் ஏறும். டெங்குவில் பிளேட்லெட் இறங்கி இரண்டு வாரத்தில் ஏறிவிடும். முன்பு கீமோ எடுத்தவருக்கு, காரணம் தெரியாமல், ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்கள் தொடர்ந்து இறங்கினால் ரத்தவியல் மருத்துவரிடம் போங்கள். புதிய ரிப்போர்ட்டோடு பழையவற்றையும் எடுத்துப் போங்கள்.

“ரத்தம் எடுத்தா போதாதா? இடுப்பெலும்புல ஊசி குத்தினா இடுப்பு போயிடும்கறாங்களே?”

போகாது. பின் இடுப்பெலும்பில் மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கிறார்கள். கூடவே ஒரு சின்னத் துண்டு எலும்பும். உறிஞ்சும் அந்தச் சில நொடி சுரீரென்று இழுக்கும் என்று தம்பி சொல்வான். முதுகெலும்பை யாரும் தொடுவதில்லை.

அதில் அணுக்களை மட்டும் எண்ணுவதில்லை, குரோமோசோமையும் பார்க்கிறார்கள். மஸ்டர்ட் குடும்பத்தால் வந்த நோயில் 5, 7 ஆகிய குரோமோசோம்களில் துண்டோ முழுசோ காணாமல் போயிருப்பது வழக்கம். எட்டோபோசைடு வகையில் 11-ஆம் குரோமோசோமில் உடைந்து இடம் மாறியிருக்கும். டிபி53 மரபணு கெட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வைத்தியத்தைத் தீர்மானிப்பதே இந்த ரிப்போர்ட்தான். வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதுவரை டாக்டரால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

“ரிப்போர்ட்ல எம்டிஎஸ்னுதானே இருக்கு, லுக்கேமியான்னு இல்லையே. அப்ப கேன்சர் இல்லதானே?”

எம்டிஎஸ்ஸும் மஜ்ஜையின் புற்றுநோய் வகைதான். முதிராத பிளாஸ்ட் செல்கள் மஜ்ஜையில் 20 சதவீதத்தைத் தொட்டால் ஏஎம்எல், குறைவாக இருந்தால் எம்டிஎஸ் என்பது பொதுவான எல்லைக்கோடு. கீமோவுக்குப் பின் வரும் நோயில் இந்தக் கோட்டுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. 8 சதவீதம் என்றாலும் சீக்கிரம் மாறக்கூடும். “இன்னும் முத்தலை, அறுவடை முடிஞ்சு வர்றோம்” என்று ஊருக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

“சாதாரணமா வர்ற ஏஎம்எல்லை விட இது மோசமா? உண்மையைச் சொல்லுங்கக்கா.”

பொதுவாக, ஆமாம். மேலே சொன்ன குரோமோசோம் மாற்றங்கள் மருந்துக்கு எளிதில் மசியாதவை. மஜ்ஜையும் உடம்பும் ஏற்கெனவே ஒரு சுற்று அடிபட்டவை. டிபி53 கெட்டிருந்தால் இன்னும் கடினம். இதை நோயாளியிடம் மறைக்கும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். தம்பியிடம் நாங்களும் மறைத்தோம், அவன் நான்காம் நாளே கண்டுபிடித்துவிட்டான்.

எல்லாமே ஒரே மாதிரி இல்லை. ஏபிஎல் என்ற ஒரு வகை ஏஎம்எல், கீமோவுக்குப் பின் வந்தாலும், ஏடிஆர்ஏ மாத்திரைக்கும் ஆர்செனிக் மருந்துக்கும் மிக நன்றாகக் கட்டுப்படுகிறது. அதனால் ‘தெரபி ரிலேட்டட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடாமல், குரோமோசோம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

“என்ன வைத்தியம் இருக்கு?”

முதலில் நோயை அடக்க வேண்டும். உடம்பு தாங்குபவர்களுக்கு வீரியமான கீமோ. தாங்காதவர்களுக்கு அசாசிடிடினும் வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரையும். இந்த நோய்க்கென்றே, இரண்டு பழைய மருந்துகளைக் கொழுப்புக் குமிழில் அடைத்துச் செய்த சிபிஎக்ஸ்-351 என்ற மருந்துக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆயுளைச் சில மாதங்கள் கூட்டியதாக ஆய்வில் தெரிந்தது. ஆனால் நிரந்தரமாகக் குணமாக வாய்ப்பு தருவது, இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றுவதுதான். அதிலும் உயிராபத்து உண்டு. நோயே திரும்பலாம், புதிய செல்கள் நோயாளியின் தோல், குடல், ஈரலைத் தாக்கலாம்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ராபின் ராபர்ட்ஸை என் தம்பிக்குப் படம் போட்டுக் காட்டினேன். அவருக்கு 2007-ல் மார்பகப் புற்றுநோய். அந்த வைத்தியத்துக்குப் பின் 2012-ல் எம்டிஎஸ். அந்த செப்டம்பரில் அவருடைய அக்கா ஸ்டெம் செல் கொடுத்தார். 2013 பிப்ரவரியில் வேலைக்குத் திரும்பினார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை என்று தெரியும். ஆனாலும் ஒருவரின் முகத்தைப் பார்ப்பது வேறு.

நம் பக்கத்தில் வேலூர் சிஎம்சியில் 1986-லிருந்தே மஜ்ஜை (ஸ்டெம் செல்) மாற்று நடக்கிறது. எந்த மருத்துவமனையானாலும், பணம் கட்டும் முன் அங்குள்ள மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டிலும் அறக்கட்டளைகளிலும் எது கிடைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

“கூடப் பிறந்தவ கொடுத்தா அவளுக்கு ஏதாவது ஆயிடுமா? கல்யாணமாகாத பொண்ணுங்க. நாளைக்குக் குழந்தை பிறக்கலைன்னா?”

ஸ்டெம் செல் கொடுப்பதால் குழந்தைப்பேறு பாதிக்காது. நான் கொடுத்ததைச் சொல்கிறேன். ஐந்து நாள் தோலுக்கடியில் ஊசி. மூன்றாம் நாளிலிருந்து இடுப்பும் முதுகும் விண்விண்ணென்று வலித்தன, பாராசிட்டமால் போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், ஸ்டெம் செல்லைப் பிரித்துக்கொண்டு, மீதி மறு கையில் திரும்பி வந்தது. நடுவில் உதடு சுருசுருவென்று மரத்தது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைப்பதால் அப்படி ஆகுமாம், சிஸ்டர் கால்சியம் கொடுத்ததும் சரியானது. ஐந்து மணி நேரம். கடைசியில் தக்காளி ரசம் நிறத்தில் ஒரு சின்னப் பை. அன்று சாயங்காலமே அது தம்பிக்கு ஏறியது. கொடுத்த செல்கள் சில வாரத்தில் தானாக ஊறிவிடும்.

கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் முழுசாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்தாவிட்டால் அப்பா, அம்மா, பிள்ளைகள் பாதிப் பொருத்தத்தில் கொடுக்க முடிகிறது. வெளியாள் வேண்டுமென்றால், சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகளில் மருத்துவமனையே தேடும்.

இன்னொன்று, அவசரத்தில் நிறையப் பேர் செய்யும் தவறு. பிளேட்லெட் குறைந்துவிட்டது என்று அண்ணன் தம்பிகளே ஓடிப்போய் நோயாளிக்கு ரத்தம் கொடுக்கிறார்கள். ஸ்டெம் செல் மாற்றுக்கு வாய்ப்பு இருந்தால் சொந்தக்காரர்களின் ரத்தம் ஏற வேண்டாம். நோயாளியின் உடம்பு அந்தச் செல்களை எதிர்க்கப் பழகிவிடக்கூடும். நண்பர்களிடம் கேளுங்கள். நீங்கள் ரத்த வங்கிக்குப் பொதுவாகக் கொடுங்கள். ஹாட்ஜ்கின் வந்தவர் என்றால், கதிர்வீச்சு செலுத்திய ரத்தமா என்றும் கேட்டுவிடுங்கள்.

“இது பரம்பரையா வருமா? பிள்ளைங்களோட ஒண்ணா சாப்பிடலாமா?”

தொற்று இல்லை, தாராளமாக ஒன்றாகச் சாப்பிடலாம். மருந்தால் மஜ்ஜையில் ஏற்பட்ட மாற்றம் பிள்ளைகளுக்குப் போகாது. ஆனால் குடும்பத்தில் சின்ன வயதிலேயே பலருக்குப் புற்றுநோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். டிபி53 கோளாறு சில குடும்பங்களில் பிறவியிலேயே இருக்கும். அப்படியானால், ஸ்டெம் செல் கொடுப்பவரையும் முதலில் சோதிக்க வேண்டும்.

“அப்பாவுக்கு மைலோமா. ஸ்டெம் செல் மாத்தினப்புறம் லெனாலிடோமைடு மாத்திரை தர்றாங்க. அந்தத் தாள்லயே ரெண்டாவது கேன்சர் வரலாம்னு போட்டிருக்கே, நிறுத்திடலாமா?”

நீங்களாக நிறுத்த வேண்டாம். தாளில் இருப்பது உண்மைதான். மெல்ஃபலான் எடுத்தவர்களுக்கு இந்த மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தபோது இரண்டாவது புற்றுநோய் கொஞ்சம் கூடியது ஆய்வுகளில் தெரிந்தது. அதே ஆய்வுகளில், மாத்திரை எடுத்தவர்களுக்கு மைலோமா திரும்புவது வெகுவாகத் தள்ளிப்போனது. இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கீமோவை விடலாமா என்ற கேள்விக்குச் சொன்ன நியாயமே இதற்கும். சிபிசியை மட்டும் தவறவிடாதீர்கள்.

“அன்னைக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். நான்தானே இதைக் கொண்டுவந்தேன்?”

ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். என் அம்மாவும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார், சமையல்கட்டில், யாரிடமும் இல்லாமல்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளில் உங்கள் முன்னால் இருந்தது ஒரே நோய்தான். அது பிள்ளையைக் கொண்டுபோகப் பார்த்தது. கையெழுத்து அதை நிறுத்தியது. ஒரே மருந்தை எடுத்த பலரில் யாருக்கு இது வரும் என்று அன்று எந்த டாக்டருக்கும் தெரிந்திருக்க முடியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா.

“பழைய ஃபைலை எல்லாம், பார்த்தாலே பயமா இருக்குன்னு எரிச்சுட்டோம். இப்ப டாக்டர் கேட்கறார்.”

அவர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டாக்சோரூபிசின் வகை மருந்தை ஒருவருக்கு ஆயுசுக்கும் ஓரளவுக்கு மேல் கொடுக்க முடியாது, இதயம் பழுதாகும். லுக்கேமியாவுக்குக் கொடுப்பதும் அதே குடும்ப மருந்துதான். முன்பு எவ்வளவு ஏறியது என்று தெரிந்தால்தான் இப்போது எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுவார்கள்.

முதலில் வைத்தியம் பார்த்த மருத்துவமனையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்குப் போங்கள். நோயாளி எண் இருந்தால் போதும். அது இல்லாவிட்டால் பெயர், அப்பா பெயர், சேர்ந்த மாதம், வருடம் சொல்லிக் கேளுங்கள். ‘டிஸ்சார்ஜ் சம்மரி’யும் ஒவ்வொரு சுற்றின் கீமோ சார்ட்டும் வேண்டும் என்று எழுதிக்கொடுங்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் காப்பீட்டுக்கு அனுப்பிய காகிதங்களில் தேடுங்கள். மருந்துக் கடை பில்லிலும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கும். எங்களுக்கு ஒரு சுற்றின் அளவு, அம்மா அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்த பில்லிலிருந்துதான் கிடைத்தது. இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் ஒவ்வொரு தாளையும் இன்றே போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.